பவர் மெட்டலுக்கு இன்னொரு தாய்வீடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்டல் எனப்படும் கனத்த ராக் இசையைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்து விழுகிறது: அதன் வீரகாவியப் பாணியான பவர் மெட்டல் 1987இல் ஜெர்மனியின் ஹெலோவீன் குழுவோடு பிறந்தது. ஹெலோவீனின் ‘கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்’ ஆல்பத்தின் முதல் பாகம் அந்த ஆண்டு வெளிவந்தது உண்மை. ஆனால் அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் அதே பெயருக்கு உரிய, குணத்தில் வேறான ஒரு மரபு முளைத்துவிட்டது. இதை வரலாற்றுப் பிழை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியவில்லை. இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றங்களிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் குழு அமைக்கும் இளையர் அந்த வரியை நம்பித்தான் கிட்டாரையும் டிரம்ஸையும் சரிசெய்கிறார்கள். பிறகு அமெரிக்கக் குழு ஒன்றின் பாட்டை எடுத்தால் அது ஏன் ஒட்டவில்லை என்று விழிக்கிறார்கள். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெலோவீன் வழியில் வந்த ஐரோப்பியக் குழுக்களில் பாட்டைத் தாங்குவது பல்லவி. கூட்டமே சேர்ந்து பாடக்கூடிய மெட்டு, அதன் அடியில் ஓயாமல் ஓடும் இரட்டைக் கால் டிரம்ஸ், பின்னாளில் கீபோர்டு. அமெரிக்கக் குழுக்களில் பாட்டைத் தாங்குவது ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் அந்த முதுகெலும்புத் துண்டு. பாடகர் அதன்மேல் ஏறி நின்று கத்துகிறார், கதை சொல்கிறார், சில சமயம் ரிஃபோடு மல்லுக்கட்டுகிறார். வேகம் பெரும்பாலும் நடுத்தரம். கீபோர்டு இருந்தாலும் ஓரமாக நிற்கும். ஒலிப்பதிவு கரடுமுரடு. அதற்குப் பாதிக் காரணம் ரசனை, பாதிக் காரணம் கையில் காசில்லாதது.

வேர் எங்கே என்றால் பிரிட்டனில்: ஜூடாஸ் பிரீஸ்ட், 1980இல் முதல் ஆல்பம் கொடுத்த அயர்ன் மெய்டன், அதற்கு முன் ரெயின்போ. 1976இல் வந்த ரெயின்போவின் ‘ரைசிங்’ ஆல்பத்தில் பாடியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. பிரிட்டிஷ் இசை என்று நாம் நினைக்கும் அந்தக் குரல் நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லண்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தது. அதே மாநிலத்தின் ஆபர்ன் நகரிலிருந்துதான் 1980இல் மனோவார் புறப்பட்டது. அதன் பேஸ் கிட்டார் கலைஞர் ஜோயி டிமையோ பிளாக் சபாத்தின் சுற்றுப்பயணத்தில் மேடைப் பணியாளராக இருந்தவர். கிட்டாரிஸ்ட் ராஸ் தி பாஸ், த டிக்டேட்டர்ஸ் என்ற பங்க் குழுவிலிருந்து வந்தவர். 1982இல் வந்த ‘பேட்டில் ஹிம்ஸ்’ ஆல்பத்தில் ஒரு பாட்டின் வசனத்தைப் பேசியிருப்பது ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ். தோல் ஆடை, வாள், இரத்தத்தால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று இவர்கள் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ‘இன்டு குளோரி ரைட்’ ஆல்பத்தின் மெதுவான பாடல்களைக் கேட்டபின் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

இந்த மரபு, வேகமும் ஆவேசமும் மிகுந்த சான்பிரான்சிஸ்கோவின் திராஷ் மெட்டல் போல ஒரே வட்டாரத்தில் கூடி வளர்ந்தது அல்ல. கான்சாஸின் விச்சிட்டாவில் மனில்லா ரோட், கலிஃபோர்னியாவின் வென்ட்டுராவில் சிரித் உங்கோல், கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஜாக் பான்சர், ஃபுளோரிடாவின் டாம்பாவில் சாவடாஜ், ஹியூஸ்டனில் ஹெல்ஸ்டார், கனெக்டிகட்டில் ஃபேட்ஸ் வார்னிங் என ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. சிதறிக் கிடந்த பலரை ஒரு சரத்தில் கோத்தது இசை வெளியீட்டாளர் பிரையன் ஸ்லேகல் 1982இல் தொடங்கிய ‘மெட்டல் மசாக்கர்’ தொகுப்புகள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிகாவின் முதல் பதிவு வந்த அதே தொகுப்பில்தான் சிரித் உங்கோலும் இருந்தது.

1984ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் பான்சரின் ‘ஆம்பிள் டிஸ்டிரக்‌ஷன்’, ஓமெனின் ‘பேட்டில் கிரை’, ஹெல்ஸ்டாரின் ‘பர்னிங் ஸ்டார்’, ஃபேட்ஸ் வார்னிங்கின் முதல் ஆல்பம், மெட்டல் சர்ச்சின் முதல் ஆல்பம், குயீன்ஸ்ரைக்கின் ‘த வார்னிங்’, சிரித் உங்கோலின் ‘கிங் ஆஃப் த டெட்’ எல்லாம் அந்த ஓர் ஆண்டின் விளைச்சல். ஹெலோவீன் அப்போது முதல் ஆல்பமே வெளியிடவில்லை.

இவற்றில் தனித்து நிற்பது மனில்லா ரோட். மார்க் ஷெல்டன் என்ற ஒருவரின் பிடிவாதம்தான் அந்தக் குழு. மூக்கால் பாடுவது போன்ற குரல், வாத்தியப் பள்ளியில் யாரும் சொல்லித்தராத கிட்டார் வாசிப்பு. 1983இல் வந்த ‘கிரிஸ்டல் லாஜிக்’ ஆல்பத்தைத் தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். முதல் தடவை கேட்பவர் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாதஸ்வரத்தைக் குளிரூட்டிய அறையில் முதன்முறை கேட்பவருக்கும் அதே பாடுதான். ஷெல்டன் 2018இல், ஜெர்மனியில் ஒரு விழா மேடையில் வாசித்து முடித்த சில மணி நேரத்தில் காலமானார்.

இனி வாசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான்.

இந்த இசையின் நாடி ‘கேலப்’ எனப்படும் குதிரை ஓட்டத் தாளம். ஒரு தட்டுக்குள் ஒரு நெடில், இரண்டு குறில். நம் சொற்கட்டில் சொன்னால், ஒரு தட்டு நான்கு மாத்திரையாகப் பிரியும் சதுஸ்ர நடையில் ‘தா-தக, தா-தக’. ‘தா’வுக்கு இரண்டு மாத்திரை, ‘த’வுக்கும் ‘க’வுக்கும் ஒவ்வொன்று. புதிதாக வாசிக்கும் பத்துப் பேரில் பெரும்பாலோர் இதைத் திஸ்ரமாக, அதாவது மூன்று சம பங்காக, ‘தகிட, தகிட’ என்று வாசித்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் நீளம் 375 மில்லி வினாடி. கேலப்பில் அது ஏறத்தாழ 188, 94, 94 என்று பிரியும். திஸ்ரத்தில் 125, 125, 125. காதுக்கு நூலிழை வித்தியாசம். ஆனால் டிரம்ஸ் சதுஸ்ரத்தில் ஓடும்போது கிட்டார் திஸ்ரத்துக்கு நழுவினால் குதிரை நொண்டும். மிருதங்கம் கற்ற பிள்ளை ஒருவர் குழுவில் இருந்தால் இந்தத் தவறை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்.

நழுவுவதற்குக் காரணம் வலது கை. நான்கு மாத்திரைக்கும் கை கீழ், மேல், கீழ், மேல் என்று ஊசல் போல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் மாத்திரையில் மேலே போகும் கை கம்பியைத் தொடாமல் காற்றில் போகும். ஆக ஒலிப்பது கீழ், பிறகு கீழ்-மேல். அந்தக் காற்றுவீச்சை விட்டுவிட்டுக் கையை நிறுத்தி மறுபடி கிளப்பினால் முன்கை இறுகும். இறுகிய கை இரண்டு நிமிடத்தில் திஸ்ரத்துக்கு வழுக்கிவிடும். மெட்ரோனோமை 90இல் வைத்து, வாயால் ‘தா-தக’ சொல்லிக்கொண்டே ஒரே கம்பியில் தொடங்கலாம். இரண்டு நிமிடம் தடுமாறாமல் போனால் 4 ஏற்றலாம். 160ஐத் தொட்டபின் ரிஃபைத் தொடுவது உத்தமம். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 480 வீச்சு ஒலிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மீட்டும் பிக் 1 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது. அதன் நுனி விரலுக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும்.

அடுத்தது பாம் மியூட், கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி மீட்டுவது. சுண்டுவிரல் பக்கத்துச் சதை, கம்பி அதைத் தாங்கும் பிரிட்ஜைத் தொடும் இடத்தில் பட்டும் படாமல் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால் ஸ்வரம் செத்து ‘டொக்’ என்று கட்டை ஓசை மட்டும் மிஞ்சும். மிதக்கும் (ஸ்பிரிங்கில் அசையும்) பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் பின்பக்கமாக அழுத்தினால் ஆறு கம்பியும் சேர்ந்து சுருதி ஏறும். குழுவில் மற்றவர்கள் பாடகரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஆம்ப்ளிஃபையரில் எல்லாரும் செய்யும் தவறு, ஒலியைக் கரகரப்பாக்கும் கெய்னைக் கடைசிவரை திருகி, நடு ஒலியைச் சுழியத்துக்குக் கொண்டுபோவது. தனியாக வீட்டில் வாசிக்கும்போது அது பிரமாதமாகக் கேட்கும். குழுவோடு சேர்ந்ததும் கிட்டாரே காணாமல் போய்விடும், ஏனென்றால் கிட்டார் வாழ்வது நடு ஒலியில்தான். 10க்குக் கெய்ன் 5 அல்லது 6, மிட் 6 முதல் 7, பேஸ் 4, டிரெபிள் 6 என்று தொடங்கிப் பார்க்கலாம். முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடலை வைத்து, டிரைவைக் கிட்டத்தட்டச் சுழியத்திலும் லெவலை முக்காலிலும் வைத்தால் அடி ஒலியின் தொளதொளப்பு போய் ‘தக’வின் இரண்டு வீச்சும் தனித்தனியாகக் கேட்கும். கம்பிகளின் சுருதியைத் தாழ்த்த வேண்டாம். இந்தக் குழுக்களின் பெரும்பாலான ரிஃப்கள் வழக்கமான சுருதியில், தாழ்ந்த ‘இ’ கம்பியைச் சுற்றியே அமைந்தவை.

ஸ்வரங்கள் நமக்கு அந்நியம் இல்லை. இந்த இசையின் அன்றாடச் சோறு மேற்கத்தியர் இயல் மைனர் என்று சொல்லும் அளவுகோல். நம் நடபைரவியின் ஸ்வரங்களேதான். கமகம் கிடையாது, ராகமாகப் பாடுவதும் கிடையாது, ஸ்வரத்தானம் மட்டும் ஒன்று. நிஷாதத்தை அரைப்படி ஏற்றினால் கீரவாணி. கோட்டை, பிசாசு, சாபம் என்று பாட்டு போகும் இடங்களில் அது வரும். மிகவும் புழங்கும் அடுக்கு ச, த, நி, ச. கிட்டாரில் இ, சி, டி, இ.

இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கும் இடத்தில்தான் அதிகம் வழி தவறுகிறது. ஒருவர் ச வாசித்தால் மற்றவர் க. ரி என்றால் ம. க என்றால் ப. ஸ்வர வரிசையில் எப்போதும் இரண்டு படி மேலே. ஆனால் படிகளின் உயரம் சமம் அல்ல. நடபைரவியில் ச-க, ரி-ம, ம-த, ப-நி ஆகியவற்றுக்கு இடையே மூன்று அரைப்படி. க-ப, த-ச, நி-ரி ஆகியவற்றுக்கு நான்கு. இதை அறியாமல் சுருதி மாற்றும் பெடலை ‘மூன்று அரைப்படி’ என்று பூட்டி வைத்துக்கொண்டு ஒரே ஆள் இரட்டைக் கிட்டார் வாசித்தால் க, த, நி மூன்று இடத்திலும் அபஸ்வரம் பல்லிளிக்கும். பாட்டின் ஆதார ஸ்வரத்தையும் அளவுகோலையும் முன்கூட்டியே சொல்லி வைக்கக்கூடிய பெடல் என்றால் தப்பலாம். இரண்டாவது ஆளைத் தேடுவது அதைவிட மலிவு.

டிரம்ஸ் வாசிப்பவர் இரட்டைக் கால் பெடலைக் கொஞ்சம் கட்டிவைக்க வேண்டும். ரிஃப் ‘தா-தக’ என்று ஓடும்போது கீழே நான்கு தட்டின் 16 மாத்திரையும் காலால் நிரப்பினால் கேலப்பின் இடைவெளி அடைபட்டுவிடும். இடைவெளி இல்லாமல் குதிரை ஓட்டம் இல்லை. ரயட் குழுவின் 1988ஆம் ஆண்டு ஆல்பம் ‘தண்டர்ஸ்டீல்’ இதற்கு விதிவிலக்கு போலத் தோன்றும். அங்கே டிரம்ஸ் வாசிப்பவரின் கால்கள் நிற்பதே இல்லை. ஆனால் அங்கே ரிஃபும் கேலப் அல்ல, நேர் ஓட்டம். பேஸ் கிட்டார், கிட்டாரின் ‘தக’வைப் பிடித்துக்கொண்டால் போதும், வேறு சாகசம் வேண்டாம்.

பாடகருக்கு ஒரு சொல். குயீன்ஸ்ரைக்கின் ஜெஃப் டேட், ஃபேட்ஸ் வார்னிங்கின் ஜான் ஆர்ச், கிரிம்சன் குளோரியின் மிட்நைட், ஜாக் பான்சரின் ஹாரி காங்க்ளின் ஆகியோரைப் பார்த்து நெஞ்சுக் குரலையே மேல் ஸ்தாயிக்கு உந்தித் தள்ளுவது தொண்டையைக் கெடுக்கும். அந்த உச்சங்கள் தலைக்குரலிலிருந்து வருபவை. கரகரப்பு பின்னால் மேலே தூவப்படுவது. பாட்டை ஒரு முழுப்படி இறக்கிப் பாடுவதில் அவமானம் ஏதுமில்லை. ஒத்திகையில் உச்சக் குரல் வரும் பகுதியை மொத்தம் இருபது நிமிடத்துக்கு மேல் பாட வேண்டாம். குரல் கம்மல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மைக்கின் வலைப்பந்தைக் கையால் பொத்திப் பிடிப்பது சிறிய அறையில் ஊளைச் சத்தத்துக்கு நேர்வழி.

நம் ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறைகள் சிறியவை. ஆம்ப்ளிஃபையர் தரையில் இருந்தால் ஒலி முழங்காலுக்குத்தான் போகும். கேட்கவில்லை என்று ஒவ்வொருவராக ஒலியை ஏற்றிக்கொண்டே போவார்கள். அதை நாற்காலியில் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ காதைப் பார்க்க வைத்தால் அந்தப் போட்டி நிற்கும். இரைச்சலைக் 15 முதல் 20 டெசிபல் குறைக்கும் காதடைப்பான் எல்லாருக்கும் வேண்டும். வீவக வீட்டில் பயிற்சி என்றால் ஹெட்ஃபோன்தான். கேலப்பின் ‘டக்டக்’ சுவர் வழியே அடுத்த வீட்டுக்குப் போவது டிஸ்டார்ஷனால் அல்ல, அடி ஒலியால்.

கேட்க விரும்புவோருக்கு என் பரிந்துரையை மறைக்க மாட்டேன். ஓமெனின் ‘பேட்டில் கிரை’யில் தொடங்குங்கள். நேரான பாட்டுகள், ஜே. டி. கிம்பாலின் முரட்டுக் குரல், எல்லாமே புரியும்படி இருக்கும். அடுத்து சாவடாஜின் 1987 ஆல்பம் ‘ஹால் ஆஃப் த மவுன்டன் கிங்’. நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டை அங்கே கிட்டாரில் கேட்கலாம். அதன் கிட்டாரிஸ்ட் கிறிஸ் ஒலிவா 1993இல் கார் விபத்தில் மாண்டது இந்த மரபுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று. பிறகு கிரிம்சன் குளோரியின் ‘டிரான்சென்டென்ஸ்’. ஃபேட்ஸ் வார்னிங்கின் 1986 ஆல்பம் ‘அவேக்கன் த கார்டியன்’ கடைசியில் இருக்கட்டும். அதில் தாளம் ஒரு பக்கம் போக, ஜான் ஆர்ச்சின் மெட்டு இன்னொரு பக்கம் போகும். பல்லவி எங்கே திரும்பும் என்று எதிர்பார்த்து ஏமாறுவதிலேயே சுகம். கொன்னக்கோல் பழகிய காதுக்கு அது விரைவில் வசப்படும்.

இவ்வளவும் ஏன் மறைந்துபோனது? ஒருபுறம் திராஷ் வேகத்தில் முந்தியது. மறுபுறம் பகட்டு ஒப்பனையோடு வந்த கிளாம் குழுக்கள் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் முகத்தைக் காட்டி விற்றன. இடையில் நின்ற இவர்களுக்கு விற்பனையும் இல்லை, விளம்பரமும் இல்லை. 1991க்குப் பிறகு கிரஞ்ச் என்ற புதிய ராக் பாணியின் அலை மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. காப்பாற்றியவர்கள் ஜெர்மானியரும் கிரேக்கருமே. ஜெர்மனியில் 2003 முதல் நடந்துவரும் ‘கீப் இட் ட்ரூ’ விழா இப்பழைய குழுக்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றியது. 2016இல் ஃபேட்ஸ் வார்னிங்கின் பழைய அணி அங்கே ஜான் ஆர்ச்சோடு கூடி அந்த 1986 ஆல்பத்தை முழுதாக வாசித்தது. சிரித் உங்கோல் 1992இல் கலைந்து, கால் நூற்றாண்டு கழித்து மீண்டு, 2020இல் புதிய ஆல்பமே கொடுத்தது. சிங்கப்பூர் வாசகருக்கு இது விந்தையாக இராது. 1992இல் இங்கே தொடங்கிய ருத்ரா, வேத மந்திரங்களையும் உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டலையும் இணைத்ததற்கு வெளிநாட்டில் கிடைத்த செவியைச் சொந்த ஊர் கொடுக்கச் சற்றுத் தாமதித்தது.

பழைய இசைத்தட்டுகளை வாங்குவோருக்கு நம் ஈரப்பதம் பற்றி எச்சரிக்கை. 1980களின் தட்டுகள் பலவற்றோடு மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை வரும். நம் வெப்பத்தில் அந்த உறையிலிருந்து கசியும் பொருள் தட்டின்மேல் பால் போன்ற படலமாகப் படியும். பிறகு ‘கரகர’ என்ற ஓசை எந்தக் கழுவலுக்கும் போகாது. வாங்கிய அன்றே அதை எறிந்துவிட்டுப் பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுவது நல்லது. பூஞ்சை பிடித்த தட்டுக்கு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரும் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்து, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கலாம், குறுக்கே அல்ல. அதே கலவையைத் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் தப்பித் தவறியும் தொடக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் கரைத்துவிடும். கேமராவுக்கு விற்கும் ஈரம் நீக்கும் அலமாரியை வாங்குவதாக இருந்தால் உள்ளகலமும் உள்ளுயரமும் 32 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்துத் தட்டுகளை நிமிர்த்தி அடுக்கலாம். படுக்கவைத்தால் அடித்தட்டு வளையும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெயர்களைத் தமிழில் அச்சிடும்போது எழுத்தைப் பார்த்து ஒலிக்காமல் கேட்டு எழுதலாம். ‘சாவடேஜ்’ அல்ல, ‘சாவடாஜ்’. ‘குயீன்ஸ்ரைச்’ அல்ல, ‘குயீன்ஸ்ரைக்’. சிரித் உங்கோல், ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதையில் வரும் ஒரு மலைக்கணவாயின் பெயர். அவர் கதைக்காக உருவாக்கிய மொழியில் முதலெழுத்து ‘கி’ என்றுதான் ஒலிக்கும். ஆனால் வென்ட்டுராவின் குழு தன்னை ‘சி’ போட்டே சொல்லிக்கொள்கிறது. கதை பற்றி எழுதினால் கிரித், குழு பற்றி எழுதினால் சிரித்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர் ஒருவர்,
ஈசூன்